பியூலாவின் ஜெபமும் என் கையில் இருந்த மணியும்

அடுத்த வீட்டில் பெரிய ஃப்ரிட்ஜ் வந்து இறங்கினால் வயிறு எரிவது சகஜம். கூட வேலை பார்ப்பவருக்கு முதலில் பிரமோஷன் வந்தால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் போவதும் சகஜம். இதற்கெல்லாம் ஆறுதல் சொல்ல ஆள் கிடைக்கும். நான் பொறாமைப்பட்டது ஒருத்தியின் ஜெபத்தைப் பார்த்து. இதை யாரிடம் போய்ச் சொல்வது? எங்கள் ஐயரிடம் சொன்னால் (நாங்கள் லூத்தரன் சபை, போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். டில்லியில் இதற்கு விளக்கம் சொல்லியே என் பாதி ஆயுள் போய்விட்டது) "ஜெபம் பண்ணும்மா" என்பார். பிரச்சினையே அதில்தான் இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்ல முடியும்?

பியூலா எங்களுக்கு மேல் வீடு. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் நாங்கள் எட்டாவது மாடி, அவள் ஒன்பது. நான் மாயவரம் பக்கம், அவள் திருநெல்வேலி. டில்லிக்கு வந்த புதிதில் ஹிந்தி தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் லிஃப்டில் ஒருவரையொருவர் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து சனிக்கிழமை காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு ஒன்றாகப் போவோம். தேங்காயைத் தட்டிப் பார்ப்பது அவள், கறிவேப்பிலையை முகர்ந்து பார்ப்பது நான். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆட்டோவில் சபைக்குப் போவோம். பாடகர் குழுவில் அவள் என் வலது பக்கம் நிற்பாள். இப்படி ஆறு வருஷம் ஓடியது.

பிறகு அவள் கணவர் ராஜன் அண்ணனுக்கு மூச்சிரைப்பு வந்தது. யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு வெள்ளிக்கிழமை பெந்தெகொஸ்தே சபையின் உபவாச ஜெபத்துக்குப் போனாள். அடுத்த வெள்ளியும் போனாள். ஒரு ஞாயிறு ஆட்டோவில் ஏற நான் கீழே காத்திருந்தபோது, அந்தச் சபை வழக்கப்படி தோடு, சங்கிலி, வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வெள்ளைச் சேலையில் இறங்கி வந்தாள். "ஹெலன், நான் இனிமே அங்கதான் போறேன்ட்டி" என்றாள். அவ்வளவுதான். முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லை. அன்று ஆட்டோவில் பக்கத்து சீட்டில் என் கைப்பையை வைத்துக்கொண்டு போனேன். பாடகர் குழுவில் என் வலது பக்கத்தில் ஒரு தூண் நின்றது.

விட்டுப் போனவள் சும்மா இருந்தாளா? இல்லை. ஜெபத்தில் பெரிய ஆளாகிவிட்டாள். காலனியில் யாருக்குத் தலைவலி வந்தாலும் ஒன்பதாவது மாடி பட்டனைத்தான் அழுத்தினார்கள். கீழ்த் தளத்துப் பஞ்சாபி ஆன்ட்டி, "பியூலாஜி, மேரே லியே பிரார்த்தனா கர் தீஜியே" என்று தனக்காக ஜெபிக்கும்படி என் கண்ணெதிரே லிஃப்டில் கேட்டார். நானும் அதே லிஃப்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். கையில் வேதாகமம் வேறு.

போகட்டும், அவர்கள் வெளி ஆட்கள். என் கணவர் டேவிட், இலாகாப் பரீட்சைக்கு முந்தின நாள் "சும்மா காத்து வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மேல் மாடிக்குப் போய் ஜெபம் வாங்கிக்கொண்டு வந்தார். பாஸும் ஆகிவிட்டார்! அப்போது நான்காம் வகுப்பில் இருந்த என் மகள் நிம்மி, கணக்குப் பரீட்சையன்று நான் அவள் தலையில் கையை வைத்ததும் பதறி விலகினாள். "மம்மி, நீ மத் கரோ, பண்ணாத! போன தடவ நீ பண்ண, எனக்கு ஃபெயில் ஆயிடுச்சு. பியூலா ஆன்ட்டிகிட்ட சொல்லு, ஜல்தி!"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சபைப் பிக்னிக்குக்கு வெயில் தணிய நான் ஜெபித்த அன்றுதான் புழுதிப் புயல் அடித்து சமோசாவில் மண் விழுந்தது. டேவிடுக்குச் சென்னை டிரான்ஸ்ஃபர் கேட்டு நாற்பது நாள் ஜெபித்தேன். அவரை மூன்று மாதம் சிக்கிமுக்கு அனுப்பினார்கள். நான் ஜெபிக்கிறேன் என்று சொன்னால் உறவுக்காரர்கள் "வேண்டாம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லும் நிலைமை வந்திருந்தது.

அந்த வருஷம் நவம்பரில் வழக்கத்தைவிட மோசமான புகை. எட்டாவது மாடியிலிருந்து பார்த்தால் எதிர் டவரே தெரியாது. காலை பத்து மணிக்கும் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. பள்ளிகளை மூடினார்கள். வீட்டுக்கு வீடு இருமல். அப்போதுதான் எங்கள் ஐயருக்கும், தமிழ்ப் பூசை வைக்கும் கத்தோலிக்க ஃபாதருக்கும், பெந்தெகொஸ்தே சபையாருக்கும் ஒரே சமயத்தில் ஒரே எண்ணம் வந்தது: மூன்று சபைத் தமிழர்களும் ஒன்றாகக் கூடி டில்லிக்காக ஜெபிக்க வேண்டும். சோறு போடும் ஊர், அது மூச்சுத் திணறிக் கிடக்கும்போது அவரவர் கோவிலில் தனித்தனியாக இருமிக்கொண்டிருப்பது சரியில்லை என்றார் ஃபாதர்.

எண்ணம் வந்தது ஒன்றாக. ஏற்பாடு செய்ய மூன்று கமிட்டிக் கூட்டங்கள் தேவைப்பட்டன. யார் கோவிலில் வைப்பது என்று முதல் கூட்டம். (யார் கோவிலிலும் வேண்டாம் என்று முடிவாகி, மோதி பாக் பக்கம் ஒரு ஹாலை எடுத்தார்கள்.) கர்த்தருடைய ஜெபத்தைக் கத்தோலிக்கர்கள் எங்களைவிடக் கொஞ்சம் முன்னாலேயே முடித்துவிடுவார்கள், நாங்கள் மேற்கொண்டு ஒரு வரி போவோம், அந்த ஒரு வரிக்கு அவர்கள் என்ன செய்வது என்று இரண்டாவது கூட்டம். (கண்ணை மூடிக் காத்திருப்பது என்று முடிவாயிற்று.) கீர்த்தனையா கைதட்டிப் பாட்டா என்று மூன்றாவது. எல்லாவற்றுக்கும் நான் போனேன். ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் காத்திருந்தேன். நிகழ்ச்சியின் நடுவில் 'நகரத்துக்கான ஜெபம்' என்று ஒன்று இருந்தது. அதைச் செய்யப் போவது யார்?

நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் சபையில் என்னைவிட நீளமாக ஜெபிப்பவர் கிடையாது. முதல் கூட்டம் முடிந்த அன்றே எழுத ஆரம்பித்து நான்கு பக்கம் நிரப்பிவிட்டேன். டில்லியை ஒரு மூலை விடாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்காக மெட்ரோ வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மஞ்சள் லைன், நீல லைன், ஊதா லைன் என்று வரிசையாகப் போயிருந்தேன். குளியலறையில் சத்தமாக ஒத்திகை பார்த்தேன்.

"ஏம்மா, ஆண்டவருக்கு மெட்ரோ மேப் தெரியாதா?" என்று வெளியிலிருந்து டேவிட் கேட்டார். "நீ சொல்ற ஸ்டேஷன்லாம் அவருக்கு முன்னாடியே தெரியும். கதவத் திற, ஆஃபீசுக்கு லேட்டாகுது."

மூன்றாவது கூட்டத்தின் கடைசியில் ஐயர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். செய்தி (அதாவது பிரசங்கம்), ஃபாதர். ஆரம்ப ஜெபமும் ஆசீர்வாதமும், ஐயரே. நகரத்துக்கான ஜெபம், "நம்ம பழைய சபைப் பிள்ளை, சகோதரி பியூலா" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கத்தோலிக்கர்கள்கூட. அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? அவர்களில் இரண்டு பேர் எங்கள் டவர்.

என் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும், ஐயர் அவசரமாகச் சேர்த்தார். "ஹெலன், உனக்குத்தான்மா ரொம்ப முக்கியமான பொறுப்பு. அஞ்சரைக்கு ஹாலைக் காலி பண்ணணும். ஆளாளுக்கு அளவு வச்சிருக்கோம். ஜெபத்துக்கு அஞ்சு நிமிஷம். நேரம் ஆனதும் மணி அடிக்க ஒரு கண்டிப்பான ஆள் வேணும். ஆஃபீஸ்ல நீதானே லேட்டா வர்றவங்களப் பிடிக்கிற ஆளு?"

அந்த மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டில்லியில் எங்கள் சபைக்குச் சொந்தமாகக் கோபுரம் கிடையாது. ஹிந்தி சபையின் கட்டடத்தில் ஞாயிறு சாயங்காலம் கூடுகிறோம். அதனால் ஒரு பித்தளைக் கைமணி வைத்திருக்கிறோம். முதல் மணி அடித்தால் வந்து உட்கார வேண்டும். இரண்டாம் மணி அடித்தால் ஐயர் பவனியாக உள்ளே வருகிறார் என்று அர்த்தம். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். பிறந்ததிலிருந்து இந்தப் பழக்கம் எங்கள் முழங்காலுக்குள் ஊறிக் கிடக்கிறது. மற்ற இரண்டு சபைகளிலும் மணிக்கு என்ன வழக்கம் என்று மூன்று கூட்டங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம். நான் அப்போது என் நான்கு பக்கங்களை மடித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டிருந்தேன்.

கூட்ட நாளான சனிக்கிழமை மத்தியானம் மூன்றரைக்கு ஹால் நிறைந்துவிட்டது. ஒற்றுமைக் கூட்டம் என்று பேனரில் எழுதியிருந்தது. இடது பக்கம் முழுவதும் கத்தோலிக்கர்கள், நடுவில் நாங்கள், வலது பக்கம் பெந்தெகொஸ்தே சபையார் என்று கோடு போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முகத்திலும் மாஸ்க். நான் சேலை நிறத்துக்கு ஏற்ற சரிகை வைத்த மாஸ்க் தைத்துப் போட்டிருந்தேன். மயில் கழுத்து நிறப் பட்டு. மணி அடிப்பதற்குப் பட்டுச் சேலை எதற்கு என்று டேவிட் கேட்கவில்லை. பதினோரு வருஷக் கல்யாண வாழ்க்கை அவருக்கு அந்த அளவு அறிவைக் கொடுத்திருந்தது.

ஆரம்பம் நன்றாகவே போனது. பாட்டுக்கு ஒரு பக்கம் கைதட்டியது, ஒரு பக்கம் தட்டவில்லை, நடுவில் நாங்கள் விரலால் மட்டும் தட்டிக்கொண்டோம். ஃபாதர் தனக்குக் கொடுத்த நேரத்துக்கு முன்னாலேயே செய்தியை முடித்துவிட்டதால் மணிக்கு வேலை வரவில்லை. பிறகு பியூலா எழுந்து மைக் முன்னால் வந்தாள்.

வெள்ளைப் பருத்திச் சேலை, தலையில் முக்காடு, காதில் கழுத்தில் ஒன்றும் இல்லை. மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். எனக்கு மேடையின் ஓரத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். மடியில் மணி, கையில் போன். ஸ்டாப் வாட்சைத் தட்டினேன்.

அவள் ஒரு காகிதமும் கொண்டுவரவில்லை. மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, காலைல அஞ்சு மணிக்கே ரோடு பெருக்குதாவ. அந்தப் புழுதியும் பொகையும் அவங்க நெஞ்சுக்குள்ளதான் போவுது. அவங்கள நெனச்சுக்கிடும். சிக்னல்ல நாள் பூரா நிக்குத போலீஸ்காரங்கள நெனச்சுக்கிடும். ஆட்டோ ஓட்டுத அண்ணமாருவ, கதவு கண்ணாடி ஒண்ணும் இல்லாம ஓட்டுதாவ. அவங்களுக்கு மூச்சக் குடும்…"

இப்படியேதான் போனது அவள் ஜெபம். இதற்கு இலக்கணமும் இல்லை, மெட்ரோ லைனும் இல்லை. ஒரு நிமிடம் ஆனதும் முன்வரிசையில் ஐயரின் மனைவி முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். இரண்டாவது நிமிடத்தில் ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான்கு பக்கம் எழுதினேனே, நான் ஓட்டிய ஒத்திகையில் யாராவது ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டார்களா? குளியலறைக்கு வெளியே நின்றவர் லேட்டாகுது என்றார்.

அந்த நினைப்பில் கூட்டத்தில் அவரைத் தேடினேன். டேவிட் அழுதுகொண்டிருந்தார். எங்கள் கல்யாணத்தன்று என்னைத் தவிர அத்தனை பேரும் அழுதபோதுகூட அழாத மனிதர். நிம்மி பிறந்தபோது பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்து மாஸ்க் நனைந்திருந்தது. பக்கத்தில் நிம்மி அவருக்குக் கைக்குட்டை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டாப் வாட்சைப் பார்த்தேன். மூன்று நிமிடம் பதினைந்து விநாடி. ஐந்து நிமிடம் ஆக இன்னும் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் இருக்கிறது. அது எனக்கு நன்றாகத் தெரியும். கை தவறிவிட்டது, கணக்குத் தப்பிவிட்டது என்றெல்லாம் நான் இங்கே சொல்லப் போவதில்லை. மணியை எடுத்தேன். அடித்தேன்.

டிங்!

அடுத்த விநாடி நடந்ததை இன்றைக்கும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. இடது பக்கம் இருந்த அத்தனை கத்தோலிக்கர்களும் சடாரென்று முழந்தாளிட்டார்கள். பூசையில் பீடத்து மணி அடித்தால் முழந்தாளிடுவது அவர்கள் வழக்கம். காது கேட்டதும் கால் மடங்கிவிட்டது. நடுவில் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே மூச்சில் எழுந்து நின்றார்கள். மணி அடித்துவிட்டது, ஐயர் பவனி வருகிறார்! ஐயரோ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரும் எழுந்து நின்று, யார் வருகிறார்கள் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். வலது பக்கம், அதுவரை மெல்லிய குரலில் கூடவே ஜெபித்துக்கொண்டிருந்த பெந்தெகொஸ்தே சபையார் பட்டென்று நிறுத்தினார்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து உரத்து ஜெபிக்கும்போது நிறுத்தச் சொல்லிப் பாஸ்டர் அடிப்பது இதே மாதிரி மணியைத்தான்.

ஒரு பகுதி மண்டியிட்டு, ஒரு பகுதி நின்று, ஒரு பகுதி ஊமையாகி இருக்க, மணியைச் சத்தமில்லாமல் மடியில் மறைக்கப் பார்த்தேன். மணி நழுவி மேடையில் விழுந்து உருண்டது. டிங், டிங், டிங். இடது பக்கம் மூன்று முறையும் தலைகள் தாழ்ந்தன. நின்றுகொண்டிருந்த எங்கள் ஆட்கள் பக்கத்தில் பார்த்தார்கள். ஒரு சபையே மண்டியிட்டிருக்கும்போது நாம் மட்டும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி நிற்கிறோமே என்று கூச்சம். ஒருவர் பின் ஒருவராக முழங்காலில் விழுந்தார்கள். இதைக் கண்ட வலது பக்கம் விடுமா? கத்தோலிக்கரும் லூத்தரனும் ஒரே தரையில் முழங்காலில்! அவர்கள் எத்தனை வருஷமாகக் காத்திருந்த ஆவிக்குரிய எழுப்புதல்! "அல்லேலூயா" என்று ஒரு குரல் வெடித்தது, அத்தனை பேரும் முகங்குப்புற விழுந்தார்கள்.

நிமிர்ந்திருந்தது நான் மட்டும்தான். மயில் கழுத்துப் பட்டில்.

பியூலாவின் வாயை அடைக்க நினைத்தேன். மூன்று சபையையும் அவள் காலடியில் மண்டிபோட வைத்துவிட்டேன்!

அவள் கண்ணை மூடியபடியே நின்றாள். மணிக்குக் கட்டுப்பட்டு ஜெபத்தை நிறுத்தியிருந்தாள். பிறகு மைக் இருப்பதையே மறந்தவள் போல, வீட்டுக்குள் பேசுகிற குரலில் சொன்னாள்.

"ஆண்டவரே, மணி அடிச்சிட்டாவ. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிக்கிடுதேன். எங்க வீட்டுக்காரருக்கு ராத்திரில மூச்சே விட முடியல. டாக்டர் டில்லிய விட்டுப் போயிருங்கன்னு சொல்லிட்டாரு. கோயம்புத்தூருக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன். போவ மனசில்ல. இங்க எனக்கு எல்லாரும் இருக்காவ. கீழ் வீட்டுல என் ஹெலன் இருக்கா. அவ எங்கூட முன்ன மாதிரி பேச மாட்டேங்கா. அத மட்டும் சரியாக்கிக் குடும்."

ஹாலில் ஒருவர் பாக்கியில்லாமல் அழுதார்கள். இடது பக்கம் எல்லோரும் ஒரே குரலில் தங்கள் ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள், நடுவில் யாரோ பழைய கீர்த்தனை ஒன்றை மெல்ல எடுத்தார்கள், வலது பக்கம் ஆளுக்கொன்றாக உரத்து மன்றாடினார்கள். மூன்றும் கலந்து ஒரே சத்தமாக எழும்பியது. ஹால் வாட்ச்மேன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "கியா ஹுவா ஜி?" என்று நடப்பதை என்னிடம்தான் விசாரித்தார். அங்கே கண் திறந்திருந்த ஒரே ஆள் நான்.

எனக்கு என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வெட்கம் வரவில்லை. அப்போதும் பொறாமைதான் வந்தது. இவளுக்கு எப்படி இது வருகிறது என்று. அதற்குப் பிறகுதான் கைப்பையில் இருந்த நான்கு பக்கம் நினைவுக்கு வந்தது. டில்லியின் எல்லா ஸ்டேஷனும் அதில் இருந்தது. எனக்குத் தலைக்கு மேல், ஒரே ஒரு தளம் தள்ளி, ஒரு மனிதர் ராத்திரியெல்லாம் மூச்சுக்குத் தவித்தது அதில் இல்லை. மேலே கட்டில் நகர்த்தும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தூக்கம் கெடுகிறது என்று நான் விளக்குமாற்றுக் கட்டையால் கூரையைத் தட்டியிருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வருகிறது.

கூட்டம் முடிந்ததும் ஓடிப்போய் ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தால், ஃபாதர் நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படிம்மா சரியா அந்த நேரத்துல அடிக்கணும்னு தோணுச்சு?" ஐயர் முந்திக்கொண்டு, "பரிசுத்த ஆவியானவர் ஏவியிருக்கார் ஃபாதர்" என்றார். வலது பக்கத்திலிருந்து நான்கு அம்மாக்கள் வந்து என் தலையில் கை வைத்தார்கள். நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து மூன்று சபையிலும் என் பெயர் 'மணி அடிச்ச சகோதரி'.

பியூலா போகிற இடமெல்லாம் இதைச் சாட்சியாகச் சொன்னாள். கர்த்தர் ஹெலன் கையில் மணியைக் கொடுத்தார் என்று. கேட்கக் கேட்க எனக்கு முள்ளில் நிற்பது போல இருந்தது. இரண்டு வாரம் தாங்கினேன். பிறகு ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதாவது மாடிக்குப் போய் "மார்க்கெட்டுக்கு வரியா?" என்றேன். ஒன்றும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஐ.என்.ஏ.யில் அவள் தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"பியூலா, அன்னைக்கு மணி… ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குப் பொறாமை. அஞ்சு நிமிஷம் ஆகல."

"தெரியும்ட்டி" என்றாள், அடுத்த தேங்காயை எடுத்தபடி. "மூணேகால் நிமிஷம்."

"எப்படி? நீ கண்ண மூடிட்டுதானே இருந்த?"

"எதுத்த சுவத்துல அம்மாம் பெரிய கடிகாரம் தொங்குது. ஆரம்பிக்கும்போதே பாத்துக்கிட்டேன். மணி கேட்டதும் ஒத்தக் கண்ணத் தொறந்து பாத்தேன். ஹெலன் கணக்குல தப்புற ஆளு இல்லையே, இவ என்னமோ கோவத்துல இருக்கான்னு புரிஞ்சுபோச்சு. அப்புறம் மறுபடியும் மூடிக்கிட்டேன்."

"அப்புறம் ஏன் சாட்சியில அப்படிச் சொல்ற?"

"நீ அடிக்காட்டி நான் ரோட்டப் பத்தியும் ஆட்டோவப் பத்தியும் சொல்லி முடிச்சிட்டு எறங்கியிருப்பேன். சொல்ல வந்தத சொல்லியிருக்க மாட்டேன். அதனால சாட்சில பொய் ஒண்ணுமில்ல. நீ எதுக்கு அடிச்சங்கிறது சபைக்கு எதுக்குட்டி? கடக்கார பையாகிட்ட கறிவேப்பில கேளு, வாடிப்போறதுக்குள்ள."

மார்ச் மாதம் கோயம்புத்தூர் உத்தரவு வந்தது. அவர்கள் போய்விட்டார்கள். ராஜன் அண்ணன் அங்கே நன்றாக இருக்கிறார், நடைப்பயிற்சிக்குப் போகிறார். டில்லியின் புகை எங்கேயும் போகவில்லை. அதனால் ஒவ்வொரு நவம்பரும் மூன்று சபையும் கூடுகிறோம், ஒவ்வொரு நவம்பரும் மணியை என்னிடம்தான் கொடுக்கிறார்கள். போன நவம்பர் வரை ஒரு முறைகூட ஜெபத்தைக் கொடுத்ததில்லை. இடத்துக்கு இடம் மணியின் அர்த்தம் மாறும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நான் அடித்ததும் மூன்று பக்கமும் மண்டியிடுவது எங்கள் கூட்டத்தின் வழக்கமாகவே ஆகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் இது ஏதோ ஆதி கால மரபு என்று நினைக்கிறார்கள்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். நான் கொஞ்சம் நீளமாகப் பேசினால் நிம்மி (இப்போது பன்னிரண்டாம் வகுப்பு) கரண்டியால் டம்ளரைத் தட்டுவாள். டேவிட் உடனே தரையில் முழங்காலிடுவார். முட்டிவலிக்காரர், எழுந்திருக்க இரண்டு பேர் தூக்க வேண்டும். அப்படியும் விடமாட்டார்.

போன நவம்பரில் கடைசியாக அந்த அதிசயம் நடந்தது. புது ஐயர் வந்திருந்தார், பழைய கதை முழுதாகத் தெரியாதவர். நகரத்துக்கான ஜெபத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். மணி நிம்மியிடம் போனது. பழைய நான்கு பக்கத்தைத் தேடி எடுத்தேன். இடையில் புது லைன்கள் வேறு வந்துவிட்டதால் ஆறு பக்கமாகிவிட்டது. மஞ்சள் லைனை முடித்து நீல லைனில் ஏறினேன். டிங்! நிம்மியின் கையில் போன். அதில் வீடியோ காலில் பியூலா. மூணேகால் நிமிஷத்தில் அடிக்கச் சொல்லி ஒரு வாரமாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள், இருவரும்.

ஹால் முழுக்க மண்டியிட்டது. சிலர் தோள் குலுங்கியது, சிரிப்பில்தான். நான் காகிதங்களை மடித்தேன். "ஆண்டவரே, மேல் வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. நல்ல வேளையாக ஃபாதர் ஆமென் சொல்லி என்னைக் காப்பாற்றினார்.

முடிந்ததும் போனை வாங்கிக்கொண்டேன். பியூலா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நல்லா ஜெபிச்சட்டி" என்றாள். "கொஞ்சம் நீளம்." பிறகு அவள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் சிரித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. "இது ஜெஸி. இங்க எங்க கீழ் வீடு. சனிக்கெழம மார்க்கெட்டுக்கு எங்கூட இவதான் வருவா. எம்புட்டு அருமையா ஜெபிப்பா தெரியுமா? ஜெஸி, ஹெலனுக்கு ஒரு ஜெபம் பண்ணேன்."

ஜெஸி கண்ணை மூடினாள். நிம்மி அடித்த மணி என் பக்கத்தில், மேஜை மேலேயே இருந்தது.

பத்து விநாடிகூடப் பொறுத்திருக்க மாட்டேன். அடித்துவிட்டேன்.